எல்லையின் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும் பொது அறிவுக் கேள்விகள் வேண்டும் (வாசகசாலை குவிஸ் லீக்)

ஜெராக்ஸ் கடை, கொழிஞ்சாம்பாறை:

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கேரள பிஎஸ்சிக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகள் வருவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கக் கிராமங்களிலிருந்து டிஎன்பிஎஸ்சி ஹால் டிக்கெட் எடுக்க வருகிறவர்களும் உண்டு. அதனால் இரண்டு மாநிலத்துக் கைடுகளும் என் மேசையில் எப்போதும் கிடக்கும்.

எங்கள் ஊர் வாசகசாலையில் மாதம் ஒரு நாள் குவிஸ் லீக் நடக்கிறது. எட்டு அணிகள். ஐந்து இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம். இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கினால் முடிய ஒன்பது ஆகிவிடும். அணிக்கு நான்கு பேர், நாற்பது கேள்வி. விடையைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். கேள்வி தமிழில்தான், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் பேசுவது தமிழ். ஆனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள், விடையை மலையாளத்தில் எழுதினாலும் மார்க் உண்டு. ஜெயித்த அணிக்கு ஒரு நேந்திரங்குலை. கட்டஞ்சாயாவும் பருப்பு வடையும் எல்லாருக்கும்.

முதல் வருஷம் இது கள்ளுக்கடைக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் நடந்தது. சித்தூர் தாலுகாவில் ஆம்பிளைகள் உட்கார்ந்து பேசுகிற இடம் அதுதானே. இங்கிலாந்தில் 1970களில் மதுக்கடைகளுக்குள் இப்படி லீக் பரவியதைப் படித்துவிட்டு ஊரில் ஒரு பெரியவர் ஆரம்பித்து வைத்தார். அப்புறம் வேலந்தாவளத்திலிருந்து ஒரு பெண்கள் அணி சேர விரும்பியது, வாசகசாலைக்கு மாற்றினோம். அது நல்ல முடிவு. இப்போது பாட்டிமார் கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் 31ஆவது கேள்வி, "இந்தியாவின் தேசிய விளையாட்டு எது?" விடைத்தாளில் ஹாக்கி என்று இருந்தது. அந்தப் பெண்கள் அணி, "அப்படி எதையும் அறிவிக்கவில்லை" என்று எழுதியிருந்தார்கள். மார்க் கொடுக்கவில்லை. ஒரே ஒரு மார்க்கில் முதலிடம் போய்விட்டது. ராத்திரி வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவர்கள் எழுதியதுதான் சரி. 2012இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டதற்கு, எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகமே பதில் கொடுத்திருக்கிறது. அந்தக் கேள்வித்தாளை டைப் செய்தது நான். ஒரு பழைய கைடிலிருந்து எடுத்த கேள்வி என்று தெரிந்தும் சரிபார்க்காமல் அடித்துக் கொடுத்தேன். இரண்டு நாள் தூக்கம் இல்லை.

கமிட்டியில் சொன்னேன். சரி, அடுத்த மாதத் தாளை நீங்களே தயார் பண்ணுங்கள் என்று விட்டுவிட்டார்கள். கைடுகளைப் புரட்டினால் பயமாக இருக்கிறது. ஒன்றில் செம்மொழிகள் ஆறு என்று போட்டிருக்கிறது. 2024 அக்டோபரில் மராத்தி, வங்காளம், அசாமியம், பாலி, பிராகிருதம் ஐந்தும் சேர்ந்து பதினொன்று ஆகிவிட்டது. இன்னொன்றில் 29 மாநிலங்கள். ஜம்மு காஷ்மீர் 2019 அக்டோபர் 31 முதல் யூனியன் பிரதேசம், ஆகவே 28. எவரெஸ்ட் உயரம் 8,848 மீட்டர் என்று ஒரு புத்தகம் சொல்கிறது, 2020 டிசம்பரில் அளந்து அறிவித்தது 8,848.86. பால் பாக்கெட் மாதிரி கேள்விக்கும் தேதி போட்டு வைக்க வேண்டும் போலிருக்கிறது.

எனக்கு வேண்டியது இதுதான். அந்தப் பக்கத்துக்காரருக்கும் இந்தப் பக்கத்துக்காரருக்கும் சமமாக எட்டக்கூடிய கேள்விகள். தலைநகரம், நாணயம், கண்டுபிடித்தவர் யார் என்று மனப்பாடத்தில் ஓடுகிறவை வேண்டாம். விடையைக் கேட்டதும் "அட, அப்படியா" என்று நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் யோசித்து வைத்திருப்பது ஒன்று. இந்தப் பாடலை எழுதியவர் பிறந்தது ஆலப்புழையில். இசையமைத்தவர் பிறந்தது எங்களுக்குப் பக்கத்து எலப்புள்ளியில். பாடல் எது? விடை, தமிழ்த்தாய் வாழ்த்து. எழுதிய சுந்தரம் பிள்ளை 1855இல் ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். பாடல் அவருடைய மனோன்மணீயம் நாடகத்தில் வருவது, அது 1891இல் வெளிவந்தது. இசை எம்.எஸ்.விஸ்வநாதன், 1928இல் பிறந்தவர். இந்த மாதிரி எல்லையில் இருக்கிறவர்கள்தான் கேட்க முடிகிற கேள்விகள் உங்கள் ஊர்ப் பக்கமும் இருக்கும். தாருங்கள்.

—

ஏலத்தோட்டம், குமுளி:

அக்கா, தமிழ்த்தாய் வாழ்த்துக் கேள்வியைத் தோட்டத்தில் நாலு பேரிடம் கேட்டேன். எழுதியவர் பெயர் எல்லாருக்கும் தெரிகிறது, ஆலப்புழைக்காரர் என்பது ஒருத்தருக்கும் தெரியவில்லை. அருமையான கேள்வி.

எங்கள் பக்கம் முதலில் நினைவுக்கு வருவது முல்லைப் பெரியாறுதான், ஆனால் கவனமாகத் தொட வேண்டும். குமுளிக்கு மேலே ஒரு மாதிரி பேசுவார்கள், லோயர் கேம்ப் இறங்கினால் வேறு மாதிரி. பெரியாறு எங்கே பிறக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், வாசகசாலையில் சாயா ஆறிப்போகும். அணையின் பலம், நீர்மட்டம், யார் பக்கம் நியாயம், இதெல்லாம் குவிஸுக்கு ஆகாது. வருஷமும் எண்ணும் கட்டிய விதமும் யாராலும் மறுக்க முடியாதவை. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு போட்ட குத்தகை எத்தனை வருஷத்துக்கு? 999. அணை திறந்தது 1895. கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக். மேற்கே அரபிக்கடலுக்குப் போகிற தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். பென்னிகுயிக் பிறந்த நாள் ஜனவரி 15, அதனால் கம்பம் பள்ளத்தாக்கில் பொங்கலும் அவர் பிறந்த நாளும் சேர்ந்தே வரும். பொங்கலோடு ஒட்டிப் பிறந்த நாள் வருகிற வெள்ளைக்காரப் பொறியாளர் யார் என்று கேட்டால் தேனிக்காரன் உடனே எழுதுவான், பாலக்காட்டுக்காரன் கொஞ்சம் யோசித்து எழுதுவான். அது போதும்.

இதைவிட எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கேரளத்துக்குள் இருந்தும் தமிழ்நாடு இயக்கிப் பராமரிக்கும் அணைகள் எத்தனை? பெரியாறு ஒன்று என்று எல்லாரும் எழுதுவார்கள். சரியான விடை நான்கு: முல்லைப் பெரியாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம். பின்னால் சொன்ன மூன்றும் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கின்றன அக்கா, உங்கள் ஆட்கள் கண்டிப்பாக எழுத வேண்டும்.

கண்ணகி கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தேக்கடிக் காட்டுக்கு மேல் எல்லையில் இருக்கிற மங்கலதேவி கோயிலுக்குப் பக்தர்களை வருஷத்தில் ஒரே ஒரு நாள் விடுகிறார்கள், எந்த நாள்? சித்ரா பௌர்ணமி. நான் மூன்று தடவை ஏறியிருக்கிறேன். குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்களும், பளியங்குடிப் பக்கமிருந்து நடந்தே ஏறுகிறவர்களும் மேலே ஒன்றாகத்தான் வரிசையில் நிற்பார்கள்.

—

ஜெராக்ஸ் கடை, கொழிஞ்சாம்பாறை:

தம்பி, நான்கு அணைக் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் எங்கள் வயிற்றுப்பாடு. சித்தூர்ப்புழைக்கு மணக்கடவு அணைக்கட்டு வழியாக வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். ஆனால் அந்த எண்ணைக் கேட்டால் பொள்ளாச்சி அணிகளுக்குச் சங்கடம், வராத வருஷங்களைப் பற்றிப் பேச்சு திரும்பிவிடும். நீங்கள் சொன்ன மாதிரியே அதை விட்டுவிடுகிறேன்.

—

பள்ளிப்பட்டு, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அம்மா, வணக்கம். நான் திருத்தணிக்கு மேற்கே, நகரிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். எங்களுக்கும் பக்கத்தில் ஒரு சித்தூர் இருக்கிறது, ஆந்திரத்தில். தமிழ்நாட்டை ஒட்டிய இரண்டு மாநிலங்களிலும் ஒரே பெயரில் இருக்கும் ஊர் எது என்று கேட்டால் உங்கள் அணிகளுக்கு அது முதல் கேள்வியாக நன்றாக அமையும். தைரியம் வந்துவிடும்.

முப்பத்தொரு வருஷம் சமூக அறிவியல் நடத்தினேன். கேள்வித்தாள் போட்ட அனுபவத்தில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். "முதல்" என்ற சொல் வரும் கேள்வியை இரண்டு முறை வாசியுங்கள். இந்தியாவில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகம் எது என்று கேட்டால் ஒரு விடை. அச்சான முதல் தமிழ்ப் புத்தகம் எது என்று கேட்டால் வேறு விடை. 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சாகியிருக்கிறது, ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சான "தம்பிரான் வணக்கம்" 1578இல், அன்ரீக்கே அன்ரீக்கஸ் பாதிரியார் வெளியிட்டது. எங்கே அச்சானது தெரியுமா? கொல்லத்தில். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் இந்த மண்ணில் அச்சான முதல் புத்தகம் தமிழ்ப் புத்தகம், அச்சான ஊர் இன்றைய கேரளத்தில். இதைப் பத்தாம் வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "1578இல் தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் எந்த ஊரில் அச்சானது?" வருஷமும் எழுத்தும் கேள்விக்குள்ளேயே இருந்தால் யாரும் வாதாட முடியாது.

இன்னொன்று, "எப்போது" என்பதைச் சேர்த்தே கேளுங்கள். தமிழ்நாடு நாள் எது? 2019இல் நவம்பர் 1 என்று அரசு அறிவித்தது. 2021இல் ஜூலை 18 என்று மாற்றியது, ஏனென்றால் 1967இல் அந்தத் தேதியில்தான் பெயர் மாற்றத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. மூன்று தேதிக்கும் ஆள் இருப்பார்கள், மூன்று பேரும் ஒரு வகையில் சரியாகவே சொல்லியிருப்பார்கள். கேள்வி போட்டவர்தான் தெளிவாக இருக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து என்றால், திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1. படாஸ்கர் பரிந்துரையின்படி எல்லையை மாற்றினார்கள், ம.பொ.சி.யின் போராட்டம் அதற்கு முன்னால் நடந்தது. திருத்தணியில் 1888இல் பிறந்த ராதாகிருஷ்ணன் 1952இல் குடியரசுத் துணைத் தலைவர் ஆனபோது அவர் பிறந்த ஊர் எந்த மாநிலத்தில் இருந்தது? சென்னை மாநிலம். 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதற்குள் போனது. 1962இல் அவர் குடியரசுத் தலைவர் ஆனபோது மறுபடியும் சென்னை மாநிலத்தில். ஊர் நகரவே இல்லை. என் தகப்பனார் அந்தப் பத்து வருஷத்துக்குள் மூன்று முகவரி எழுதினார், வீடு ஒன்றேதான்.

ஸ்ரீஹரிகோட்டாவையும் சேருங்கள். பாதிப் பேர் தமிழ்நாடு என்று எழுதுவார்கள். அது ஆந்திரத்தில், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கிருந்து எஸ்எல்வி 3 முதல் முறையாக வெற்றிகரமாகப் பறந்தது 1980 ஜூலை 18. தேதியைப் பார்த்தீர்களா அம்மா, மேலே சொன்ன அதே ஜூலை 18.

—

தக்கலை:

அக்கா, நான் கன்னியாகுமரி மாவட்டம். எங்கள் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1இல்தான் திருவிதாங்கூர் கொச்சியிலிருந்து இந்தப் பக்கம் வந்தன. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு. கூடவே செங்கோட்டை. அதனால் உங்களுக்கு எல்லைக் கேள்வி வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது.

குமுளிக்காரர் நான்கு அணை சொன்னார். அதற்கு ஜோடி ஒன்று நான் தருகிறேன். தமிழ்நாட்டுக்குள் இருந்தும் கேரள அரசின் தொல்லியல் துறை பராமரிக்கிற அரண்மனை எது? பத்மநாபபுரம். என் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். வாசலில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறவர் கேரள அரசு ஊழியர், வெளியே நுங்கு விற்கிறவர் தமிழ்நாட்டுக்காரர். அணைக் கேள்வியையும் இதையும் அடுத்தடுத்து வையுங்கள், ஒரு பக்கமும் குறை சொல்லாது.

சண்டை பற்றியும் ஒன்று. 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றது எந்த ஐரோப்பிய நாட்டுக்காரர்கள்? டச்சுக்காரர்கள். பிடிபட்ட அவர்களுடைய தளபதி டிலனாய் பின்னால் திருவிதாங்கூர் படைக்கே தளபதி ஆனார். கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது, போனால் பார்க்கலாம்.

சினிமா ரவுண்டு இருந்தால்: மலையாள சினிமாவின் தந்தை என்று கேரளம் கொண்டாடுகிற, கேரள அரசின் உயரிய சினிமா விருது யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஜே.சி.டானியல் எந்த ஊர்க்காரர்? அகஸ்தீஸ்வரம். அதே மாதிரி மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்", 1938இல், எடுத்தது எந்த ஊர்க் கம்பெனி? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். இதைக் கேட்டுக் காசர்கோடு நண்பன் ஒருத்தன் என்னோடு அரை மணி நேரம் சண்டை போட்டான், அப்புறம் அவனே தேடிப் பார்த்துவிட்டு போன் செய்தான்.

—

வேலந்தாவளம்:

அக்கா, நாங்கள்தான் அந்த அணி. நான் மலையாளம் எம்ஏ படிக்கிறேன், மற்ற மூன்று பேரும் கோவையில் வேலைக்குப் போகிறார்கள். உங்கள் கடையில்தான் என் ஹால் டிக்கெட்டும் எடுத்தேன், உங்களுக்கு முகம் தெரியும்.

மார்க் போனதற்காக நாங்கள் வராமல் இருக்கப் போவதில்லை. வருத்தம் வேறு. தேசிய விளையாட்டு இல்லை என்று எழுந்து சொன்னபோது, "புத்தகத்தில் இருக்கிறதே" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். எங்கள் போனில் செய்தியே எடுத்து வைத்திருந்தோம், யாரும் பார்க்கவில்லை. அதனால் ஒரு வழிமுறை வைத்தால் நன்றாக இருக்கும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. ஒரு கேள்வியில் விடை தவறு என்று தோன்றினால் அந்தச் சீட்டில் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். கத்தக் கூடாது. கடைசிக் கேள்வி முடிந்ததும், மார்க் எழுதுவதற்கு முன்னால் மேசையில் மூன்று பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், ஒரு ஆள் தமிழ்நாட்டுப் பக்கம், ஒரு ஆள் கேரளப் பக்கம், ஒரு ஆள் கேள்வி போட்டவர். சீட்டு சரி என்றால் அந்த விடையை எழுதிய எல்லா அணிக்கும் மார்க், கேட்ட அணிக்கு மட்டுமல்ல. தவறு என்றால் சீட்டு போய்விடும், அடுத்த தடவை கேட்க முடியாது. அப்போது சும்மா யாரும் கேட்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டீர்களே. 1872இல் மலையாள அகராதி வெளியிட்ட ஹெர்மன் குண்டர்ட்டின் பேரன் ஒருவர் 1946இல் இலக்கியத்துக்கு நோபல் பரிசு வாங்கினார், யார்? ஹெர்மன் ஹெஸ்ஸே. அவருடைய தாய் குண்டர்ட்டின் மகள், தலச்சேரியில் பிறந்தவர். எங்கள் பக்கத்தில் குண்டர்ட் எல்லாருக்கும் தெரியும். ஹெஸ்ஸேயைத் தமிழில் படித்தவர்கள் அந்தப் பக்கம் அதிகம். அதனால் இதில் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி.

தும்பாவும் எழுதிக்கொள்ளுங்கள். 1963 நவம்பர் 21இல் முதல் ராக்கெட் பறந்தபோது எந்தக் கட்டடம் அலுவலகமாக இருந்தது? மேரி மக்தலேன் தேவாலயம். ஏன் தும்பா? காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போகிறது. வாத்தியார் ஸ்ரீஹரிகோட்டா சொல்லியிருக்கிறார். மகேந்திரகிரி திருநெல்வேலி மாவட்டத்தில். மூன்று பெயரையும் கொடுத்து மூன்று மாநிலத்தோடு பொருத்தச் சொன்னால் நல்ல கேள்வி.

—

ஜெராக்ஸ் கடை, கொழிஞ்சாம்பாறை:

வேலந்தாவளத்துத் தங்கச்சிக்கு: முகம் நன்றாகவே நினைவிருக்கிறது. அன்று நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அது என் தப்பு. மஞ்சள் சீட்டைக் கமிட்டியில் வைத்தேன். ஒருவர் மட்டும், "கேள்வி போட்டவரை நம்பாமல் எப்படி?" என்றார். கேள்வி போட்டவளே நான்தான், நான்தான் கேட்கிறேன் என்றதும் ஒத்துக்கொண்டார்கள்.

எல்லாருக்கும் நன்றி. மூன்று ராத்திரி உட்கார்ந்து நாற்பதும் தயாராகிவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு இடத்திலாவது பார்த்தேன். ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதின இரண்டு கைடும் ஒரே தப்பைச் சொல்லும் என்பது இப்போதுதான் புரிகிறது, அதனால் இரண்டு கைடு பார்ப்பது இரண்டு இடத்தில் பார்ப்பது ஆகாது. அரசாணை, அகராதி, அந்த ஊரில் இருக்கிற கல்வெட்டுப் பலகை, இப்படி வேறு வேறு இடமாகப் பார்க்க வேண்டும். மலையாளக் கவிஞர் எழுத்தச்சனின் குருமடம் பற்றிய கேள்விக்கு நேரே சித்தூர் தெக்கேகிராமத்துக்கே போய்விட்டு வந்தேன். திரூரில் பிறந்தவர் கடைசிக் காலத்தைக் கழித்தது எந்த ஆற்றங்கரையில் என்பது கேள்வி. சோகநாசினி என்று எழுதினாலும் சித்தூர்ப்புழை என்று எழுதினாலும் மார்க். அது ஒரே ஆறுதான்.

இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டேன். தாளை அச்சடிக்கும் முன்னால் கேள்விகளை மட்டும், விடை இல்லாமல், என் மாமியாரிடம் வாசித்தேன். அவர் எட்டாவது வரை படித்தவர், பேப்பர் விடாமல் படிப்பார். "இதுக்கு ரெண்டு பதில் வருதே" என்று ஆறு கேள்வியை நிறுத்தினார். அதில் ஒன்று "உலகின் நீளமான ஆறு". நைல் என்று ஒரு கட்சி, அமேசான் என்று ஒரு கட்சி. தூக்கிவிட்டேன். இன்னொன்று, "தமிழ்நாட்டின் மாநிலப் பழம் எது?" பலாப்பழம் என்று விடை வைத்திருந்தேன். அவர் கேட்டார், "நம்ம ஊருக்கும் சக்கைதானே?" ஆமாம், கேரளம் 2018இல் பலாவை மாநிலப் பழமாக அறிவித்தது. கேள்வியை மாற்றிவிட்டேன்: "தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒரே மாநிலப் பழம், எது?" முன்னதைவிட இது எவ்வளவு நல்ல கேள்வி.

—

ஜெராக்ஸ் கடை, கொழிஞ்சாம்பாறை:

நேற்று நடந்தது. எழுதாமல் தூக்கம் வராது, அதனால் எழுதுகிறேன்.

எட்டு அணியும் வந்தன. மழை பெய்தும் பெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டு சித்தூர் கேள்வியில் எட்டுக்கு எட்டு, வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி எல்லாருக்கும் முகம் மலர்ந்தது. நான்கு அணைக் கேள்வியில் இந்தப் பக்கத்து அணிகள் மூன்று "ஒன்று" என்று எழுதிவிட்டார்கள், பொள்ளாச்சிப் பக்கத்து அணி ஒன்று நான்கின் பெயரையும் வரிசையாக எழுதியிருந்தது. அவர்களில் ஒருவர் ஆழியாறில் வேலை பார்த்தவராம். கை தட்டினோம். பத்மநாபபுரம் ஆறு அணிகளுக்குத் தெரிந்தது. தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் அச்சானது ஒருவருக்கும் தெரியவில்லை. தரங்கம்பாடி என்று நான்கு பேர் எழுதியிருந்தார்கள், அச்சுக்கூடம் என்றதும் அந்த ஊர்தானே நினைவுக்கு வரும். விடையை வாசித்ததும் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின் பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, "இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். வருஷத்தோடு, எழுத்தோடு, ஊரோடு இன்னொரு தடவை சொன்னேன்.

மஞ்சள் சீட்டு இரண்டு வந்தது. ஒன்று தள்ளுபடி. இன்னொன்று எனக்கு எதிராகவே. ராதாகிருஷ்ணன் கேள்வியில் நான் "எந்த மாநிலம்" என்று கேட்டு, எந்த வருஷத்தில் என்பதை வாசிக்க மறந்துவிட்டேன். தாளில் இருந்தது, வாய் விட்டுவிட்டது. "ஆந்திரம்" என்று எழுதிய இரண்டு அணிகளுக்கும் மார்க் கொடுத்தோம். கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

முடிவில் வேலந்தாவளத்துப் பெண்களும் கோபாலபுரம் அணியும் 33, 33. சமன் உடைக்க ஒரு எண் கேள்வி வைத்திருந்தேன், யார் கிட்டே வருகிறார்களோ அவர்களுக்கு. "தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடி முடிக்க அரசாணையில் குறித்திருக்கும் நேரம் எத்தனை விநாடி?" கோபாலபுரம் அணி பள்ளியில் தினமும் பாடிய ஞாபகத்தில் வாய்க்குள்ளேயே பாடி, ஒருவர் வாட்சைப் பார்த்து, 60 என்று எழுதினார்கள். மலையாளப் பள்ளியில் படித்த நம் பெண்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. போன வாரம்தான் பாட்டை முதலில் கேட்டேன் அக்கா, எலப்புள்ளிக்காரர் இசை என்று நீங்கள் எழுதியதால் கேட்டேன் என்றாள் அந்தத் தங்கச்சி பிறகு. அவர்கள் எழுதியது 52.

விடை 55.

நேந்திரங்குலையை இரண்டு பேர் சேர்ந்து ஸ்கூட்டியில் வைத்துக் கட்டினார்கள். கோபாலபுரம் அண்ணன்மார்தான் கயிறு கொடுத்தார்கள்.

அடுத்த மாதத்துக்கு எண் கேள்வி ஒன்று மட்டும் இன்னும் வேண்டும். விடை நூறுக்குள் இருந்தால் நல்லது.